கம்பியின் சட்டை



நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பழைய வீட்டில் மின்கம்பிகளை மாற்றினார்கள். மரச்சட்டத்தைப் பெயர்த்ததும் உள்ளே கிடந்த கம்பியை ஆவலோடு தொட்டுப் பார்த்தேன். மேலிருந்த ரப்பர் உலர்ந்த மரப்பட்டைபோல் பொடிந்து உதிர்ந்தது. உள்ளே வெள்ளீயம் பூசிய செம்போ சிறிதும் பழுதின்றி இருந்தது. வேலை செய்த பெரியவர் சிரித்துக்கொண்டே, "செம்பு இன்னும் நூறு வருஷம் உழைக்கும், தம்பி, போனது அதன் சட்டைதான்" என்றார். மின்கம்பியின் பருமனைக் கணிக்க மனிதன் கற்றுக்கொண்ட வரலாறு அந்த ஒரு வாக்கியத்துள் அடங்கியிருக்கிறது என்பதைப் பிற்காலத்தில்தான் உணர்ந்தேன்.

கம்பி வழியே மின்னோட்டம் செல்லும்போது வெப்பம் பிறக்கிறது. அதன் அளவை ஆராய்ந்து 1841-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். கம்பி பருத்தால் மின்தடை குறையும், வெப்பமும் குறையும். செம்பு உருகுவதற்கோ ஏறத்தாழ 1085 பாகை செண்டிகிரேடு வெப்பம் வேண்டும். அப்படியானால் மெல்லிய கம்பியிலேயே வேண்டிய மட்டும் மின்சாரத்தை ஓட்டலாமே என்று தோன்றும். ஆனால் செம்பு வெற்றுடம்போடு நம் வீட்டுக்குள் வருவதில்லை அல்லவா?

அதற்குக் கிடைத்த முதல் நல்லாடை மலாய்க் காடுகளிலிருந்து வந்தது. கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலைச் சிங்கப்பூரில் கண்ட மாண்ட்கோமரி என்ற மருத்துவர் 1843-இல் அதனை லண்டன் அறிஞர்களின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். 1851-இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பி அதையே போர்த்திருந்தது. குளிர்ந்த கடலடிக்கு அது ஏற்ற உறை; வெந்நீர் பட்டாலோ இளகிவிடும். தந்திக்குப் போதிய சட்டை விளக்குக் கம்பிக்குப் போதவில்லை.

மின்விளக்கு வீடுகளுக்குள் புகுந்தபோது தீயச்சமும் உடன் புகுந்தது. 1882 செப்டம்பரில் நியூயார்க்கில் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் லண்டனில் தந்திப் பொறியாளர் சங்கத்தார், மின்விளக்கினால் தீ நேராமல் தடுக்கச் சில விதிகளை வெளியிட்டனர். கம்பியின் பருமன் அது சுமக்கும் மின்னோட்டத்திற்குத் தக்கதாயிருக்க வேண்டும். அதன் எப்பகுதியும் 150 பாகை பாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தனர். செண்டிகிரேடு கணக்கில் அது சுமார் 65 பாகை. ஆயிரம் பாகையைத் தாங்கவல்ல செம்புக்கு அறுபத்தைந்தில் வேலி! அந்த வேலி செம்பின் பொருட்டு அன்று. அதன் உறையின் பொருட்டும், அருகிலிருக்கும் மரத்தின் பொருட்டும் என்க.

சட்டை மாறும்தோறும் வேலியும் நகர்ந்தது. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பருக்கு 60 பாகையே எல்லையாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகின் ரப்பரில் பெரும்பங்கை அளித்தது மலாயா. விடியற்காலையில் அம்மரங்களைச் சீவிப் பாலிறக்கிய கைகளுள் மிகப் பல தமிழர் கைகள். 1926-இல் அமெரிக்காவில் வால்டோ செமன் பி.வி.சி. என்னும் செயற்கைப் பொருளை இளக்கும் வழி கண்டார். அதனாலான வீட்டுக்கம்பிக்கு 70 பாகை பொது எல்லை. 1960-களில் வந்த குறுக்குப் பிணைப்புப் பாலிஎதிலீனுக்கு 90. செம்பு அதே செம்புதான். சட்டையின் பொறுமை மிகுந்ததால் அதே பருமனில் கூடுதல் சுமை தாங்குகிறது.

எல்லையைத் தாண்டிய உடனே தீப்பற்றுவதில்லை. அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மின்மாற்றிகளின் காப்புப் பொருள்களை ஆராய்ந்த மான்ட்சிங்கர், வெப்பம் 8 பாகை உயரும்தோறும் அவற்றின் ஆயுள் பாதியாகக் குறைவதை 1930-இல் எடுத்துக்காட்டினார். பொருளுக்குப் பொருள் அளவு வேறுபடலாம், கதை ஒன்றே. எங்கள் வீட்டு ரப்பர் ஒருநாளில் பொடியவில்லை.

இனி நம் நாட்டு வெயிலை நினையுங்கள். பிரிட்டிஷ் அட்டவணைகள் சுற்றுக் காற்று 30 பாகை என்று வைத்துக் கணக்கிடுகின்றன. 70 பாகைக் கம்பிக்கு அங்கே 40 பாகை ஏறுவதற்கு இடமுண்டு. கோடையில் ஓட்டுக் கூரையின் அடியில் 50 பாகை இருக்குமானால், எஞ்சுவது இருபதே. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அங்கே 20 ஆம்பியர் சுமக்கும் கம்பி இங்கே சுமார் 14 ஆம்பியரே சுமக்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் பருத்த கம்பியே தேவை. 90 பாகைக் கம்பி வாங்கிவிட்டோம் என்று இறுமாந்திருக்கவும் இயலாது. அதை 70 பாகைக்கென அமைந்த சுவிட்சில் முடுக்கினால், அந்த இணைப்பிடத்தில் 70-ஐத் தாண்டாதபடியே கணக்கிட வேண்டும்.

ஆகவே கடையில் கம்பி வாங்கும்போது செம்பின் கனத்தை மட்டும் கேளாதீர்கள். அதன் சட்டை எவ்வளவு சூட்டைத் தாங்கும், அது எந்த இடத்தில் ஓடப்போகிறது, எதனோடு இணையப்போகிறது என்பவற்றையும் கேளுங்கள். உறை மெலிந்த வீட்டில் செம்பு எத்துணை உறுதியாக இருந்தாலும் பயனில்லை.