கூசு தீவு: ஆமைக் கதையும் வரலாறும்

ஈசூனிலிருந்து ஒரு தீவுத் திருவிழாவுக்குப் போக வண்டி மாறவே வேண்டாம். வடக்கு-தெற்கு எம்ஆர்டி பாதையில் ஏறி உட்கார்ந்தால், கடைசி நிலையம் மரினா சவுத் பியர். இறங்கினால் படகுத்துறை. அங்கிருந்து கூசு தீவு சில கிலோமீட்டர் தூரம்தான். சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதம் முழுவதும் பக்தர்கள் இப்படித்தான் போகிறார்கள். 2006 வரை கிளிஃபர்ட் பியரிலிருந்து படகு புறப்பட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள்.

'கூசு' என்றால் ஹொக்கியனில் ஆமைத் தீவு. கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கப்பல் உடைந்து தத்தளித்த இரண்டு மாலுமிகளைக் காப்பாற்ற ஒரு பெரிய ஆமை தன்னையே தீவாக்கிக்கொண்டது. ஒருவர் மலாய்க்காரர், மற்றவர் சீனர். தேர்வில் பல மாணவர்கள் இதைத் தீவின் வரலாறாகவே எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண் போவது இங்கேதான்.

அதற்காகக் கதையைத் தூக்கிப் போடவும் வேண்டாம். இன்னொரு கதையும் உண்டு. சையது ரஹ்மான் என்ற அரபியரும் யாம் என்ற சீனரும் நோன்பிருக்கவும் தியானம் செய்யவும் இத்தீவுக்கு வந்தார்களாம். இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆமை ஒன்றில்தான் இருக்கிறது; ஆனால் ஒரு முஸ்லிமும் ஒரு சீனரும் இரண்டிலும் இருக்கிறார்கள். ஏன்?

தீவில் நிற்பதைப் பார்த்தால் விடை கிடைக்கும். கீழே துவா பெக் கோங் கோயில், 1923இல் ஒரு செல்வந்த வணிகர் கட்டியது. குன்றின் மேலே, 152 படி ஏறினால், மூன்று கெராமாட்டுகள்: சையது அப்துல் ரஹ்மான், அவருடைய தாய், அவருடைய சகோதரி ஆகியோரின் நினைவிடங்கள். கோயிலில் கும்பிட்ட சீனர்கள் பலர் அப்படியே படியேறிப் போய் மேலேயும் வேண்டிக்கொள்வார்கள். இரண்டு சமூகங்கள் ஒரே தீவை எப்படிப் பகிர்ந்துகொண்டன என்பதை விளக்கத்தான் இந்தக் கதைகள் பிறந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதாவது, தீவு எப்படித் தோன்றியது என்பதற்குக் கதை ஆதாரமில்லை. அதைச் சொன்ன மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு ஆதாரம். நாகூர் ஆண்டவருக்கு இந்துக்களும் நேர்ந்துகொள்வதைக் கண்ட நமக்கு இது ஒன்றும் புதிதில்லையே.

இன்னொரு தவறும் வருகிறது. 'தீவு ஆமை வடிவில் இருப்பதால் இந்தப் பெயர்' என்று இன்றைய வரைபடத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். இன்று நாம் நடக்கும் தரையில் பெரும்பகுதி 1975இல் நில மீட்பு செய்தது! அதற்கு முன் அங்கே இருந்தவை பவளத்திட்டின்மேல் இரண்டு சிறு மேடுகள்தான். இப்போது சுமார் 8.5 ஹெக்டர். பெயரோ அதைவிடப் பழையது. புதிய வரைபடத்தை வைத்துப் பழைய பெயரை விளக்க முடியாது.

சரி, தமிழர் எங்கே? பக்கத்துத் தீவில். செயிண்ட் ஜான்ஸ் தீவில் 1874 முதல் தனிமைப்படுத்தும் நிலையம் இயங்கியது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலின் மேல்தளத்தில் வந்த நம்மவர்கள் பலர் சிங்கப்பூர் மண்ணை மிதிக்குமுன் காத்திருந்தது அங்கேதான். அவர்களுக்கு அந்தக் கடல் புனிதப் பயணமாக இருக்கவில்லை. கூசுவைப் பற்றி எழுதும்போது இந்த ஒரு பத்தியைச் சேர்த்தால் விடைக்குக் கனம் கூடும்.

2022 ஏப்ரலில் குன்றின் மேலே தீப்பிடித்து கெராமாட்டுகள் சேதமடைந்தன. இப்படி ஒரு இடம் சிதையும்போது, அங்கே போய் வந்தவர்களின் நினைவும் ஆதாரமாகிறது. ஆகவே ஆசிரியர்களே, இந்தப் பாடத்தை நடத்தும் வாரம் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஈசூன் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் சீனப் பாட்டி, மலாய்த் தாத்தா, நம்ம ஆயா, யாராக இருந்தாலும் சரி: கூசுவுக்கு எந்த வருஷம் போனீங்க, எந்தத் துறையில் படகு ஏறினீங்க, தீவில் இறங்கியதும் முதலில் எங்கே போனீங்க? இந்த மூன்று கேள்விகள் போதும். பதிலை அவர்கள் சொன்னபடியே, தேதி போட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.