மின்சுற்று முதலில், மரம் பிறகு: அலெம்பிக் வளர்ந்த கதை

அலெம்பிக் என்றதும் பேஸ் கிட்டார் ரசிகர்களுக்கு இழைத்து மெருகேற்றிய மரமும் பித்தளையும் கண்முன் வரும். ஆனால் 1969-ல் கலிஃபோர்னியாவில் அது முளைவிட்டது கிட்டார் பட்டறையாக அல்ல. கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழு நொவாட்டோவில் ஒத்திகை பார்த்துவந்தது. மேடையில் எழும் ஒலி, ஒலிநாடாவிலும் அரங்கின் கடைசி வரிசையிலும் சிதையாமல் போய்ச் சேர வேண்டும் என்பது அந்தக் குழுவின் கவலை. அந்தக் கவலையைத் தீர்க்க ஒன்றுகூடிய சில தொழில்நுட்பக் கிறுக்கர்கள்தான் பின்னாளில் நிறுவனம் ஆனார்கள்.

பெயர் வைத்தவர் ஔஸ்லி ஸ்டான்லி. ரசவாதிகள் வடித்தெடுக்கப் பயன்படுத்திய பாத்திரத்தின் பெயர் அது. அவர் டெட் குழுவின் ஒலிப் பொறுப்பாளர். அதைவிட, எல்.எஸ்.டி. போதைமருந்து தயாரித்ததற்காக அமெரிக்காவெங்கும் அறியப்பட்டவர். சங்கடமான செய்திதான், ஆனாலும் அவரை விட்டுவிட்டு இந்தக் கதையைத் தொடங்க முடியாது. வேலையின் மூளையாக இருந்தவர் ரான் விக்கர்ஷாம். ஒலிப்பதிவுக் கருவிகள் செய்த ஆம்பெக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்துவிட்டு வந்தவர். அவருடைய மனைவி சூசன் ஓவியர். கிட்டார் வாசிப்பவரும் அதைச் செய்யத் தெரிந்தவருமான ரிக் டர்னர், ஒலிப்பதிவாளர் பாப் மாத்யூஸ் ஆகியோர் சேர்ந்ததும், 1970-ல் அது முறையான நிறுவனமாகப் பதிவானது.

முதலில் பிறர் செய்த கருவிகளைத்தான் பிரித்துப் போட்டார்கள். டெட் குழுவின் ஃபில் லெஷ், ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் குழுவின் ஜாக் கசாடி இருவரிடமும் கில்ட் நிறுவனத்தின் ஸ்டார்ஃபயர் பேஸ்கள் இருந்தன. அன்றைய மின் பேஸ்களில், தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் பிக்கப்பின் சுருளில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் இருக்கும். ஒலியின் வலு கூடும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சமிக்ஞை நீளமான கேபிளைக் கடக்கும்போது மேல் அதிர்வெண்களை இழந்துவிடும். மிஞ்சுவது மந்தமான உறுமல். விக்கர்ஷாம் சுற்றுகளைக் குறைத்தார். அதனால் குறைந்த வலுவை ஈடுகட்ட, ஒரு சிறிய முன்பெருக்கியைக் கருவியின் வயிற்றுக்குள்ளேயே வைத்தார். இரண்டு பிக்கப்களுக்கும் நடுவே இரைச்சலை மட்டும் வாங்கிக் கழிப்பதற்கென்று தந்தியின் அதிர்வைப் பிடிக்காத இன்னொரு சுருள் வந்தது. தந்தி எப்படி ஒலித்ததோ அப்படியே வெளியே வந்தது. இனி, நன்றாக ஒலிக்கும் தந்தி வேண்டும். அதற்கு நன்றாக அதிரும் உடல் வேண்டும். மரவேலை இந்த இடத்தில்தான் கதைக்குள் வருகிறது.

கசாடிக்காகச் செய்த பேஸ் அலெம்பிக்கின் முதல் கருவி. அதன் வரிசை எண் 72-01. ஆண்டை முன்னால் போட்டு எண்ணிடும் அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. கழுத்தைத் தனியே செய்து உடலோடு திருகாமல், தலை முதல் அடிவரை ஒரே நீளமாக ஓட விட்டார்கள். மேப்பிளையும் ஊதா நிற பர்ப்பிள்ஹார்ட்டையும் அடுக்கடுக்காக ஒட்டி இழைத்தது அது. விரல் பலகைக்குக் கருங்காலி, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் பித்தளைக் கட்டி. சுரம் நின்று ஒலித்தது.

ஒலியைப் பிரித்துக் காட்டும் வெறி 1974-ல் உச்சத்துக்குப் போனது. 'வால் ஆஃப் சவுண்ட்' என்று அழைக்கப்பட்ட டெட் குழுவின் ஒலிபெருக்கிச் சுவரில் அறுநூறுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர்கள் இருந்தன. லெஷின் பேஸில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனிப் பாதை, தனித்தனி ஸ்பீக்கர் வரிசை. ஊர் ஊராக அதைச் சுமந்து கட்டிய செலவு தாங்காமல் அந்த ஆண்டின் இறுதியிலேயே சுவர் இறக்கப்பட்டது. வீண் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த மட்டத்து ஆசைக்கு ஒரு ராக் குழுவின் பணம் என்றைக்கும் போதுமானதாக இருந்திருக்காது.

அலெம்பிக்கை உலகுக்குக் காட்டியவர் ராக்கைச் சேர்ந்தவர் அல்லர், ஜாஸைச் சேர்ந்த ஸ்டான்லி கிளார்க். 'ரிட்டர்ன் டு ஃபாரெவர்' குழுவோடு அவர் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்தபோது, டர்னர் அவரைச் சந்தித்து, வாசிப்பு அருமை, ஒலிதான் சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி, ஒரு அலெம்பிக்கைக் கையில் கொடுத்தார் என்பார்கள். அளவில் சற்றுக் குட்டையான அந்த வகை பேஸோடுதான் கிளார்க் பெயர் இன்றும் இணைந்திருக்கிறது. 1976-ல் வந்த அவருடைய 'ஸ்கூல் டேஸ்' இசைத்தட்டில் பேஸ் பின்வரிசையில் நிற்கவே இல்லை. தானே பாட்டை நடத்திக்கொண்டு போகிறது. ராக் பேஸ் கலைஞர்கள் ஜான் என்ட்விசில், ஜான் பால் ஜோன்ஸ் ஆகியோர் கையிலும் அலெம்பிக் ஏறியது. மெட்டாலிகா குழுவின் கிளிஃப் பர்ட்டன் 'ஸ்பாய்லர்' என்ற வகையை வைத்திருந்தார்.

என் கணக்கில் இந்த நிறுவனத்தின் உண்மையான ஆராய்ச்சிப் பிரிவு அதன் வாடிக்கையாளர்கள்தான். பேஸ் கலைஞர் ஜிம்மி ஜான்சனின் தந்தை மினசோட்டா இசைக்குழுவில் டபுள் பேஸ் வாசித்தவர். அந்தப் பெரிய கருவி எட்டிய கீழ்ச் சுரங்கள் தனக்கும் வேண்டும் என்று மகன் கேட்டதால், 1976-ல் கீழே ஒரு தந்தி சேர்ந்த ஐந்து தந்தி பேஸ் உருவானது. இன்று எந்த இசைக்கடையிலும் தொங்கும் ஐந்து தந்தி பேஸ்கள் பெரும்பாலும் அந்த ஏற்பாட்டில்தான் இருக்கின்றன. லெஷின் கருவி இவ்வளவு கனக்க வேண்டுமா என்று கச்சேரியில் உட்கார்ந்து யோசித்த ஜெஃப் கோல்டு, விண்வெளித் தொழிலில் வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்த கார்பன் இழைக் கழுத்தை அலெம்பிக் தன் பேஸில் பொருத்தியது. பிறகு அவர் மாடுலஸ் கிராஃபைட் என்று தனியே நிறுவனம் தொடங்கினார்.

டர்னர் 1978-ல் விலகித் தனிப் பட்டறை வைத்தார், 2022-ல் காலமானார். அலெம்பிக் விக்கர்ஷாம் குடும்பத்தின் தொழிலாகத் தொடர்ந்தது. சான்டா ரோசாவில் மகள் மைக்கா அடுத்த தலைமுறையாகப் பொறுப்பேற்றார்.

இதன் ரசிகர் கூட்டம் தனி ரகம். மேல் பலகைக்கு எந்த மரம், எந்த உருவம், எத்தனை தந்தி என்று வாங்குபவரே பட்டறையோடு பேசித் தீர்மானித்துவிட்டு, மாதக்கணக்கில் காத்திருப்பார். கோகோபோலோவா வால்நட்டா என்ற வாதம் மணிக்கணக்கில் நீளும். குறையையும் மறைக்க வேண்டியதில்லை: இந்தக் கருவிகளில் பல தோளை ஒடிக்கும் கனம், விலையும் சாதாரண வாத்தியக்காரருக்கு எட்டாதது. ஒலி அளவுக்கு மீறித் தெளிவாக இருக்கிறது, ராக்குக்கு வேண்டிய அழுக்கு இல்லை என்று குறை சொல்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விரல் சறுக்கினால் அதையும் இந்தக் கருவி அப்படியே ஒலிபரப்பிவிடும்.

சீரீஸ் ஒன், சீரீஸ் டூ வகைகளுக்கு வெளியே தனி மின்பெட்டி உண்டு. ஐந்து முனைக் கேபிள் வழியாக அதிலிருந்து மின்சாரம் வரும். ஆகவே பழைய சீரீஸ் பேஸ் ஒன்று விற்பனைக்கு வந்தால், விவரம் தெரிந்தவர் மரத்தைத் தடவிப் பார்ப்பதற்கு முன், பெட்டியும் கேபிளும் கூடவே வருமா என்றுதான் கேட்பார்.