ஆஸ்மோஸ்

கனடா நாட்டுக் கலைஞர் சார் டேவிஸ் 1995-இல் உருவாக்கிய மெய்நிகர் கலைப்படைப்பு. இதில் நுழைபவர் தலையில் காட்சிக் கவசமும், மார்பில் உணரிகள் பொருத்திய அங்கியும் அணிந்துகொள்வார். அங்கி மார்பின் விரிவையும் உடலின் சாய்வையும் அளந்து கணினிக்கு அனுப்பும். மூச்சை இழுத்தால் மேலே மிதக்கலாம், விட்டால் கீழே இறங்கலாம், சாய்ந்த திசையில் நகரலாம். அன்றைய மெய்நிகர் உலகங்களில் கையுறையும் ஜாய்ஸ்டிக்கும்தான் வழக்கம். டேவிஸ் இரண்டையும் வேண்டுமென்றே விலக்கினார். மூச்சால் மிதக்கும் இம்முறைக்கு முக்குளிப்பில் அவருக்கிருந்த அனுபவமே ஊற்று. நீரடியிலும் மிதப்பை மூச்சால் கட்டுப்படுத்தலாம் அல்லவா?

கட்டக்கோடுகளில் தொடங்கும் பயணம் காடு, மரம், இலை, குளம், மண்ணடி எனத் தொடரும். பொருள்களுக்குக் கூரிய விளிம்பில்லை. ஒன்றினூடே மற்றொன்று தெரியும். எல்லாவற்றுக்கும் அடியில் படைப்பை இயக்கும் நிரலின் வரிகளே ஓர் உலகமாக விரியும். மான்ட்ரியாலின் சாஃப்ட்இமேஜ் நிறுவனத்தில் உருவான இது, சிலிக்கன் கிராஃபிக்ஸ் கணினியில் இயங்கியது. ஒரு நேரத்தில் ஒருவருக்கே இடம், அதுவும் சுமார் 15 நிமிடம். கைப்பிடிகளை இன்னும் விடாத இன்றைய பல தலைக்கவசங்களைவிட உடலை நன்கு புரிந்துகொண்ட வடிவமைப்பு இது. இதே அங்கியைக் கொண்டு டேவிஸ் 1998-இல் 'எஃபெமேர்' என்ற அடுத்த படைப்பை வெளியிட்டார்.