பூட்டிய அலமாரியில் ஒரு வலி மருந்து

போதைப்பொருள் என்றதும் நம் மக்களுக்குத் தூக்குக் கயிறுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் நம் அரசாங்க மருத்துவமனைகளில் பிள்ளை பெற்ற தாய்மார்கள் பலர், பிரசவ வலிக்குப் பெத்திடின் ஊசி போட்டுக்கொண்டவர்கள். சட்டத்தின் பார்வையில் அதுவும் அபாயகரமான போதைப்பொருளே.

இதன் கதை அபினில் தொடங்குகிறது. பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய சீனத் தொழிலாளர்கள், உடல் வலி மறக்கச் சண்டு புகைத்தார்கள். நம் ரப்பர் தோட்டங்களில் அந்த இடத்தில் கள்ளுக்கடை இருந்தது. அபின் விற்பனையில் காலனித்துவ அரசு பெரும் வருமானம் பார்த்தது. போருக்குப் பின், 1946இல்தான் அது தடைசெய்யப்பட்டது.

அதற்குள் அபின் செடியே இல்லாமல் ஒரு மருந்து வந்துவிட்டது. 1930களின் இறுதியில் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில், ஓட்டோ ஐஸ்லெப் தசைப்பிடிப்புக்கு மருந்து தேடினார். அதைக் கொடுத்த எலியின் வால் விறைத்து நிமிர்ந்ததை ஓட்டோ ஷாவ்மன் கவனித்தார். மார்ஃபின் கொடுத்தாலும் அப்படித்தான் நிற்கும். அதுதான் பெத்திடின். இது அடிமையாக்காது என்று முதலில் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பொய்த்தது.

பழைய உலக ஒப்பந்தங்கள் செடியிலிருந்து எடுக்கும் மருந்துகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார்கள் கொல்லப்பட்டு அவசரகாலம் பிறந்த அதே 1948இல், பாரிசில் கையெழுத்தான ஐ.நா. உடன்படிக்கை செயற்கை மருந்துகளையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இங்கே 1952இல் அபாயகரமான போதைப்பொருள் சட்டம் வந்தது. மருத்துவர் சீட்டு, பதிவேடு, பூட்டிய அலமாரி ஆகியவை பெத்திடினுக்குக் காவலாயின.

கடத்தலுக்கு மரண தண்டனை 1975இல் சேர்க்கப்பட்டது. 1983இல் அது கட்டாயமானது. 2023இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டு, முடிவு நீதிபதியிடம் விடப்பட்டது.

ஆனால் பயம் மட்டும் வீட்டுக்குள் தங்கிவிட்டது. தோட்டம் துண்டாடப்பட்டு ஈப்போ பக்கம் குடியேறிய முதியவருக்குப் புற்றுநோய் என்றால், மருத்துவர் தரும் மார்ஃபினைக் குடும்பமே மறுப்பதுண்டு. நீண்ட நாள் வலிக்குப் பெத்திடின் ஏற்றதல்ல. அதன் கழிவு உடலில் தங்கி வலிப்பை உண்டாக்கலாம். மார்ஃபினை மருத்துவர் அளந்து தருகிறார். அதை வாங்கிக் குடிப்பது குற்றமல்ல.

1961ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தமும் இரண்டு கடமைகளைச் சொல்கிறது: ஒன்று, தவறான பயன்பாட்டைத் தடுப்பது, மற்றொன்று, நோயாளிக்கு வலி மருந்து கிடைக்கச் செய்வது. முதல் கடமை நமக்கு மனப்பாடம். இரண்டாவதையும் தெரிந்துகொள்வோம். வாழ்நாளெல்லாம் மரம் சீவியவர் கடைசி நாள்களில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை.