ஆம்புலன்ஸ்

இலத்தீனில் 'அம்புலாரே' என்றால் நடத்தல். படையோடு கூடவே நகரும் மருத்துவமனையை அந்த வேரிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் 'நடமாடும் மருத்துவமனை' என்றார்கள். அதன் சுருக்கமே ஆம்புலன்ஸ். ஆக, முதலில் அது வண்டியே அல்ல. கூடாரம், மருத்துவர், கட்டுத்துணி எல்லாம் சேர்ந்த ஏற்பாடு. நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, சண்டை ஓயும்வரை காயம்பட்டவர்களைக் களத்தில் கிடக்கவிடாமல் குதிரை வண்டிகளில் அள்ளிவரச் செய்தார். அதற்குப் பெயர் 'பறக்கும் ஆம்புலன்ஸ்'.

1864ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, ஆம்புலன்ஸ்களும் படை மருத்துவமனைகளும் நடுநிலையானவை என்று முதல் பிரிவிலேயே சொல்கிறது. இங்கே சைரன் வண்டியை நினைத்துக்கொண்டால் பொருள் குறுகிவிடும். காயம்பட்டவர் கிடத்தப்பட்டிருக்கும் இடத்துக்கே அந்தக் காப்பு. மருத்துவர், காயம்பட்டவரைச் சுமந்து வருவோர், பாதிரியார் எல்லோருக்கும் அதை அடுத்த பிரிவு நீட்டியது. வண்டி என்ற பொருள் ஆங்கிலத்தில் ஊன்றியது கிரீமியப் போரை (1853–56) ஒட்டித்தான்.

தமிழ்நாட்டு அலுவல் வழக்கில் இது 'அவசர ஊர்தி'. இலங்கையில் 'நோயாளர் காவு வண்டி'. 'காவு' என்றதும் நமக்குப் பலிதான் நினைவுக்கு வரும், கொஞ்சம் திடுக்கிடவும் செய்யும்! ஆனால் காவுதல் என்றால் தோளில் சுமத்தல். காவடியில் இருப்பதும் அதே சொல்.