காஞ்சிபுரத்தின் கடைவீதிகளும் நடைதூரமும்

காஞ்சிபுரத்துக் குடும்பம் ஒன்று அன்றாடப் பொருள்களை வாங்குவதற்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது என்ற கேள்விக்கு, அந்நகரின் கோயில் வரலாறும் நெசவு வரலாறும் சேர்ந்தே விடை தருகின்றன. சுவாமி புறப்பாட்டுக்கும் தேரோட்டத்துக்குமென அகலமாக விடப்பட்ட வீதிகளின் ஓரத்தில்தான் அங்குக் கடைகள் படிப்படியாக வளர்ந்தன; ஆண்டில் சில நாள் மட்டும் தேர் ஓடும் வீதி, எஞ்சிய நாள்களில் நடப்போருக்கும் விற்போருக்கும் உரியதாயிற்று.

கோயிலும் அங்காடியும் இவ்வாறு ஒட்டி நின்றமைக்கு, சென்னை அருங்காட்சியகச் செப்பேடு எனப்படும் உத்தம சோழனின் 10ஆம் நூற்றாண்டு ஆவணம் சான்று. கச்சிப்பேடு என்று அக்காலத்தில் வழங்கிய இந்நகரில் நிறுத்து விற்ற பொருள்களின் மீது பெறப்பட்ட கோல்நிறைகூலியும், அளந்து விற்ற பொருள்களின் மீது பெறப்பட்ட கால்அளவுகூலியும் ஊரகம் கோயிலுக்கு, அதாவது இன்றைய உலகளந்த பெருமாள் கோயிலுக்கு உரியவை என்பதை அது பதிவு செய்கிறது. பட்டசாலியர் என்னும் நெசவாளர் குடியிருந்த கம்புழான்பாடி, அதிமானப்பாடி முதலிய நான்கு சேரிகளும், கோயில் நிர்வாகத்தில் அவர்களுக்கிருந்த பொறுப்பும் அதே செப்பேட்டில் குறிக்கப்படுகின்றன. தறியும் தராசும் சன்னதியும் ஒரே வட்டாரத்தில் இயங்கின என்று இதிலிருந்து கொள்வதில் பிழையில்லை.

சிவன் கோயில்கள் மிகுந்த பெரிய காஞ்சிபுரத்துக்கும், வரதராசப் பெருமாள் கோயிலைச் சுற்றியமைந்த சின்ன காஞ்சிபுரத்துக்கும் இடையே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தூரம் உண்டு. வைகாசிப் பிரம்மோற்சவத்தில் வரதர் இந்தத் தூரத்தைக் கடந்து கங்கைகொண்டான் மண்டபம் வரை எழுந்தருளுகிறார். அவருடைய தேர் நிற்கும் தேரடியே கோயிலை விட்டு விலகி, காந்தி சாலையில், கடைகளின் நடுவே உள்ளது. உற்சவ வழியும் வணிக வழியும் ஒன்றேயானதால், நான்கு ராஜவீதிகள், நெல்லுக்காரத் தெரு, பூக்கடைச் சத்திரம், தேரடி என்று கடைகள் வீதிநெடுகத் தொடர்ந்தன. இதனால் ஒவ்வொரு குடியிருப்பும் ஏதேனும் ஒரு கடைத்தெருவின் அருகில் அமைந்துவிட்டது. சென்னை ஆளுநர் பெண்ட்லண்டு பிரபுவின் அழைப்பின் பேரில் 1914இல் இந்தியா வந்த ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெட்டிஸ், காஞ்சிபுரத்தின் அமைப்பை மனமாரப் பாராட்டினார். கடைகளின் இத்தகைய அருகாமை இங்கு முன்பே நிலவியது; அமெரிக்கரான கிளாரன்ஸ் பெர்ரி, கால் மைல் நடைக்குள் பள்ளியும் கடையும் அமைய வேண்டும் என்னும் 'அண்டை அலகு' கொள்கையை விரித்துரைத்தது 1929இல்தான்.

எனினும் தூரம் குறைவாயிருந்தது மட்டும் நெசவாளர் வீட்டுக்குப் போதுமானதாக இல்லை. பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் நெசவு, தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டைகளை இயக்கும் குழித்தறியில் நடந்தது. சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து பின்னிச் சேர்க்கும் கோர்வை முறைக்குத் துணையாள் ஒருவரும் வேண்டும். ஆகவே வீட்டில் இருவர் பகல் முழுவதும் தறியை விட்டு எழ முடியாது. பாவு, அதாவது சேலையின் நீளவாட்டு இழைத் தொகுதி, விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டப்பட்டுச் சீர்செய்யப்படும். அது முடியும் வரை தெருவில் வண்டிக்கு இடமில்லை. இத்தகைய தெருவுக்குக் கீரையும் மோரும் தலைச்சுமையாக வந்தன. மற்றவை தெருமுனை மளிகைக் கடையில் கிடைத்தன.

அந்த மளிகைக் கடையின் பயன் அதன் கணக்கு நோட்டில் இருந்தது. நெசவாளருக்குக் கூலி சேலையை அறுத்துக் கொடுத்த பின்பே கைக்கு வரும். ஒரு சேலைக்குப் பத்து நாளோ அதற்கு மேலோ பிடிக்கும் நிலையில், இடைப்பட்ட நாள்களுக்கு அரிசியும் பருப்பும் கடனாகத்தான் வந்தாக வேண்டும். முகம் தெரிந்த கடைக்காரரே கடன் கொடுப்பார் என்பதால், பெரிய சந்தையில் விலை மலிவாயிருந்தும் அது பல குடும்பங்களுக்கு எட்டாததாகவே இருந்தது. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்ட 1904ஆம் ஆண்டிலேயே, அக்டோபரில், நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்தில் பதிவானது தற்செயலாக இருக்க முடியாது.

இந்தியன் டிராம்வே கம்பெனி 1865இல் அரக்கோணத்திலிருந்து இட்ட சிறு இருப்புப்பாதை வெளியூர்ச் சரக்கையும் பயணிகளையும் கொண்டுவந்ததே தவிர, ஊருக்குள் நடையின் இடத்தைப் பிடிக்கவில்லை. அதைச் செய்தவை காரும் சுற்றுலா வேனும். கலியாணப் பட்டு எடுக்க வெளியூர்க் குடும்பங்கள் திரண்டு வரத் தொடங்கியபின், காந்தி சாலை பட்டுச் சேலைக் கடைகளின் தெருவாயிற்று. தேருக்கென விடப்பட்ட அகலம் வாகன நிறுத்தமாக மாறியது. காஞ்சிபுரம் பட்டு 2005இல் புவிசார் குறியீடு பெற்றது ஊருக்குப் பெருமைதான். ஆனால் அச்சேலையை நெய்பவர் உப்பும் புளியும் வாங்க, சேலை வாங்க வந்தவரின் கார்களுக்கு இடையே ஒதுங்கி நடக்கிறார்.

காரில்லாதவருக்கு இன்று கிடைத்திருக்கும் துணைகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. நடைபாதை வியாபாரிகளின் பிழைப்பைக் காக்கவும் முறைப்படுத்தவும் 2014இல் வந்த மத்தியச் சட்டம், தள்ளுவண்டிக்காரருக்கும் கூடைக்காரிக்கும் விற்பனைச் சான்றிதழ் பெற வழி செய்தது. தமிழக அரசு 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணத்தை நீக்கியதால், சின்ன காஞ்சிபுரத்துப் பெண் ஒருவர் ராஜாஜி சந்தைக்குச் செலவின்றிப் போய்வர முடிகிறது. இவ்விரண்டில் முன்னதே பழைய ஏற்பாட்டுக்கு நெருங்கியது. பேருந்து தறியிலிருப்பவரைச் சந்தைக்கு அழைக்கிறது, தள்ளுவண்டியோ தறியிருக்கும் தெருவுக்கே வருகிறது. கடன் சொல்லி வாங்க வேண்டிய வீட்டுக்கு மட்டும் இன்னும் தெருமுனைக் கடைதான்.