செஞ்சி மலை சொன்ன கதை – 14: துபாஷியின் கணக்குப் புத்தகம்

போன வாரம் வெடி வைத்த கோட்டை வாசலில் நிறுத்தியிருந்தேன். வாசல் பிளந்தது. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் ஆட்கள் செஞ்சிப் பேட்டைக்குள் புகுந்தார்கள். மலைகளின் மேலிருந்து பீரங்கிகள் பொழிய, நிலவு சாயும்வரை சுவரோரம் பதுங்கிக் கிடந்தவர்கள், இருட்டியதும் மூன்று மலைகளிலும் ஒரே சமயத்தில் ஏறினார்கள். விடிந்தபோது ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றும் பிரெஞ்சுக்காரர் கையில். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இலிருந்து 1698 வரை முட்டி மோதிய கோட்டை, 1750 செப்டம்பரில் ஒரே ராத்திரியில் விழுந்தது!

புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே பூரித்துப் போனார். சரி, அவருடைய மொழிபெயர்ப்பாளரான துபாஷி?

ஆனந்தரங்கம் பிள்ளைக்கு அப்போது வயது 41. பெரம்பூரில் பிறந்தவர். மூன்று வயதில் தாயை இழந்தார். தந்தையைப் புதுச்சேரிக்கு அழைத்த மைத்துனர் நைனியப்பப் பிள்ளை, பிரெஞ்சுக் கம்பெனியின் பெரிய தரகர். அதே கம்பெனி அவரைச் சிறையில் தள்ளியது. 1717-இல் சிறையிலேயே உயிர் போனது. நியாயம் கேட்டு மகன் குருவப்பா பாரீசுக்கே கப்பலேறினார், வென்றார், ஊர் திரும்பினார், 1724-இல் போய்ச் சேர்ந்தார். இரண்டு வருடத்தில் ஆனந்தரங்கரின் தந்தையும் போனார். பிள்ளைக்கு அப்போது 17 வயது.

துரைமார் தயவு எவ்வளவு நாள் நிற்கும் என்பதை வீட்டுச் சாவுகளிலிருந்தே கற்றவர் அவர். நள வருஷம் ஆவணி மாதம், அதாவது 1736 செப்டம்பரில், நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். கப்பல் வந்த சேதி, சரக்கு விலை, கவர்னரின் கோபம், வீட்டு விசேஷம், சாவு, சகுனம் எல்லாம் ஒரே புத்தகத்தில், பேச்சுத் தமிழில். நடுநிலையாளர் என்று அவரை நான் சொல்ல மாட்டேன். டூப்ளே ஜெயித்தால் அவருக்கும் ஆதாயம். டூப்ளேயின் மனைவியை அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. ஆனால் 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது டூப்ளே வேதபுரீஸ்வரர் கோயிலை இடிக்கவைத்த பாதகத்தை நமக்குச் சொல்வது அந்த எசமானின் துபாஷி எழுதியதுதான்.

1754-இல் டூப்ளே பிரான்சுக்குக் கப்பலேறினார். இரண்டே வருடத்தில் பிள்ளையின் பதவியும் பறிபோனது. எழுத்து நிற்கவில்லை. ஆங்கிலத் தளபதி கூட் புதுச்சேரியை வளைத்து, ஊர் பட்டினியில் கிடந்த 1761 ஜனவரியில், கோட்டையில் வெள்ளைக் கொடி ஏறுவதற்குச் சில நாள் முன்பு, நோயில் கிடந்த பிள்ளையின் மூச்சு அடங்கியது. 16-ஆம் தேதி புதுச்சேரி சரணடைந்தது.

வீடு கலைந்தது, ஊரும் இடியப் போகிறது. அந்தப் புத்தகத்தை அடுத்துத் திறந்த கை அவருடைய தம்பி மகன் திருவேங்கடத்தினுடையது.

தமிழ்நாட்டில் பிரெஞ்சுக் கொடி இன்னும் இரண்டே கோட்டைகளில்தான் பறக்கிறது. ஒன்று தியாகதுருகம். இன்னொன்று நம் செஞ்சி. அதன் அடிவாரத்துக்கு ஆங்கிலேயக் கேப்டன் ஸ்மித் வந்துகொண்டிருக்கிறார்.

(தொடரும்)